மலாயாத் தோட்டங்களும் குண்டர் கூட்டங்களும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவிலே, பல்கலைக்கழக மாணவரான அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரை)



இவ்வாண்டு விழாவிலே பேச வேண்டுமென்று நமது செயலாளர் அண்ணன் எனக்கு அறிவித்தபோது, சுவாமி விவேகானந்தரைப் பற்றித்தான் நான் பேசுவேன் என்று அவர் எண்ணியிருப்பார். சென்ற ஆண்டு பேசியவரும், அதற்கு முந்திய ஆண்டு பேசியவரும் 1893ஆம் ஆண்டின் சிக்காகோ மகாசபையைப் பற்றியே பேசினார்கள்; நன்றாகவும் பேசினார்கள். நானும் அந்த எண்ணத்தோடுதான் பேராதனையில் நூலகத்துக்குள் நுழைந்தேன். ஆனால் சிக்காகோவைத் தேடிப் போன என் கையில் வேறொரு சிக்காகோ அகப்பட்டது.

பிரெடெரிக் திராஷர் என்ற ஆராய்ச்சியாளர் 1927இல் வெளியிட்ட நூல் அது. சுவாமிகள் நின்று பேசிய அதே நகரத்தின் தெருக்களிலே, ஒரு தலைமுறை கழித்து, 1,313 வாலிபக் கூட்டங்களை அவர் கணக்கெடுத்திருக்கிறார். சும்மா விளையாடித் திரிந்த கூட்டங்களும் அவற்றுள் உண்டு. திருடியவையும், ஆளை அடித்தவையும், கொன்றவையும் உண்டு. அந்தப் பையன்களிலே பெரும் பகுதியினர் யார் தெரியுமா? போலந்திலும் இத்தாலியிலும் இருந்து பிழைப்புக்காகக் கப்பலேறி வந்த நாட்டுப்புறக் குடியானவர்களின் பிள்ளைகள். தகப்பனுடைய ஊரின் கட்டுப்பாடு கப்பலோடு போய்விட்டது. புதிய நகரத்தின் ஆதரவு இன்னும் வந்து சேரவில்லை. இரண்டுக்கும் நடுவிலே ஒரு சந்து. அந்தச் சந்திலேதான் கூட்டம் முளைக்கிறது என்பது திராஷர் கண்ட விஷயம்.

புத்தகத்தை மூடிவிட்டு நான் யோசித்தது போலந்துப் பிள்ளைகளைப் பற்றியல்ல. கப்பலேறிப் போன வேறு சில குடியானவர்களைப் பற்றி. நம்மைப் போலவே இறப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, நம் பாஷையைப் பேசி, நம் மாரியம்மனையே கும்பிடுகிற மலேசியப் பிள்ளைகளைப் பற்றி. ஆகவே தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும். இன்றைய பேச்சு சுவாமிகளைப் பற்றியது அல்ல, குண்டர்களைப் பற்றியது. கோயில் மண்டபத்திலே பேசத்தக்க விஷயமா என்று பெரியோர் கேட்கலாம். பேசி முடித்த பிறகு கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

வாலிபர்களுக்கு இவ்விஷயம் முற்றிலும் புதிதல்ல. 2016இல் ‘கபாலி’ படம் வந்தபோது நான் சிறுவன். கொழும்புக்குப் போய்ப் படம் பார்த்து வந்த அண்ணன்மார், கோட்டும் சூட்டும் போட்ட ரஜினிகாந்தின் படத்தை ஓட்டோவின் பின்னால் ஒட்டிக்கொண்டு யட்டியாந்தோட்டைச் சந்தியிலே நின்றார்கள். தோட்டத்துக் கூலிக்காரனின் மகன், தமிழர்களுக்காகச் சண்டை போட்டுப் பெரிய ஆளானான் என்பதிலே எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை. அந்தப் படத்துக்கு மலேசியாவிலே வேறு முடிவு வைத்தார்கள். கபாலி பொலிசில் சரணடைந்தான் என்று அங்கே காட்டினார்கள். ஏன் அப்படிக் காட்ட வேண்டியிருந்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அங்கே அது கதையல்ல, அன்றாட விவகாரம் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் உறவைச் சொல்லிவிடுகிறேன். 1876இல் கம்பஹா ஹெனரத்கொடைத் தோட்டத்திலே இறப்பர்க் கன்று வைத்தார்கள். அடுத்த ஆண்டிலே சிங்கப்பூரிலும் வைத்தார்கள். மரம் எங்கே போயிற்றோ அங்கே தமிழனும் போனான். சேலத்திலும் திருச்சியிலும் வட ஆர்க்காட்டிலும் கங்காணி ஆள் கட்டினான். ஒரு வீட்டில் அண்ணன் மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்தான். தம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினான். ‘ரஜூலா’ என்ற கப்பலின் பெயரைச் சொன்னால் மலேசியாவில் முதியவர்கள் இன்றும் பெருமூச்சு விடுவார்களாம். கூலிகளாக ஆள் போவதை இந்திய அரசாங்கம் 1938இல் மலாயாவுக்கும், 1939இல் இலங்கைக்கும் நிறுத்தியது. லயம், பிரட்டு, கங்காணி, கள்ளுக்கடை, தோட்டத்துப் பள்ளிக்கூடம், மேட்டிலே ஒரு மாரியம்மன் என்று இரண்டு இடத்திலும் ஒரே அச்சு. குடியுரிமைத் துன்பமும் ஒரே அச்சுத்தான். இங்கே 1948இல் நம்மை நாடற்றவர் ஆக்கினார்கள். அங்கே 1969க்குப் பிறகு, வேலை அனுமதிச் சீட்டு இல்லையென்று பல்லாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பினார்கள்.

குண்டர் கூட்டம் அந்நாட்டுக்குத் தமிழன் கொண்டுபோன சரக்கல்ல. சீனர்களின் இரகசியச் சங்கங்கள் அங்கே பழையவை. கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சங்கங்கள் பேராக் இராச்சியத்திலே லாருட் ஈயச் சுரங்கங்களுக்காகப் பல ஆண்டுகள் யுத்தமே நடத்தின. அந்தச் சண்டையைச் சாட்டாக வைத்துத்தான் வெள்ளைக்காரன் 1874இல் பங்கோர் உடன்படிக்கை செய்து மலாய் இராச்சியங்களுக்குள் காலை வைத்தான். அதற்குப் பிறகு சட்டம் போட்டு இச்சங்கங்களைத் தடை செய்தார்கள். தடைசெய்யப்பட்ட சங்கம் பெயரை மறைத்து எண்ணை வைத்துக்கொண்டது. இன்று தமிழ்ப் பையன்கள் தங்களை 04 என்றும் 08 என்றும் 36 என்றும் சொல்லிக்கொள்வது அந்தச் சீன வழக்கத்தின் வால்.

அப்படியானால் தோட்டத்துத் தமிழ் வாலிபர் முன்பு கூட்டம் சேரவில்லையா? சேர்ந்தார்கள். அந்தக் கதையை நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அது நம் சங்கத்தைப் போன்ற ஒரு சங்கத்தின் கதை.

இரண்டாம் உலக யுத்தத்திலே ஜப்பான்காரன் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர்களைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். போனவர்களிலே பெருந்தொகையினர் திரும்பவில்லை. அதே காலத்தில், 1943இல், நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய இராணுவத்தை நடத்தினார். நேற்றுவரை துரையைக் கண்டால் வழிவிட்டு ஒதுங்கிய தோட்டத்துப் பையன், காக்கி உடுத்து அணிவகுத்து நின்றான். யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்தான், பையன் மட்டும் பழைய பையனாக இல்லை. கெடா மாகாணத்திலே பீடோங் பக்கத்து ஹாவார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் இப்படிப்பட்ட வாலிபர்களைச் சேர்த்து, யுத்தம் முடிந்த கையோடு ‘தொண்டர் படை’ ஆரம்பித்தார். அணிவகுப்புப் பயிற்சி, கையிலே கம்பு, படைக்கு ஓர் ஒழுங்கு. அவர்களுடைய முதற் பகை எது? கள்ளுக்கடை! குடித்துவிட்டு வந்து பெண்சாதியை அடித்தவனைப் பிடித்துக் கண்டித்தார்கள். கள்ளுக்கடைக்கு முன்னே மறியல் செய்தார்கள்.

பெரியோர்களே, அவர்களும் முரடர்களே. சாத்விகமாக எல்லாம் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. குடிகாரனை அவர்கள் தண்டித்த விதம் சில வேளை நமக்கே பிடிக்காது. ஆனால் தோட்டத்துத் தாய்மார் அவர்களுக்குப் பக்கத்தில் நின்றார்கள். 1947 பிப்ரவரி முடிவிலே பீடோங் கள்ளுக்கடை மறியலில் பொலிசுக்கும் அவர்களுக்கும் மோதல் உண்டாயிற்று. தொழிலாளி ஒருவர் உயிர் போயிற்று. அடுத்த வாரங்களில் பொலிசார் தோட்டம் தோட்டமாகப் புகுந்து பலரைப் பிடித்துச் சிறைக்கு அனுப்பினார்கள். படை கலைந்தது. 1948இலே அவசரகாலச் சட்டமும் வந்தது. தோட்டத்து வாலிபர் நாலுபேர் சேர்ந்து நின்றாலே சந்தேகம் என்ற நிலைமை. இது நடந்து முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அதே தோட்டங்களின் பேரப்பிள்ளைகள் வேறு கூட்டங்களில் சேர்ந்தார்கள். நடுவிலே என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

நடுவிலே நடந்தது, தோட்டம் இல்லாமற் போனது.

மலாயா 1957இல் சுதந்திரம் அடைந்தது. வெள்ளைக்காரக் கம்பனிகள் பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. வாங்கியவன் பத்து ஏக்கர், இருபது ஏக்கர்க்காரன். அவனுக்குப் பாதி ஆள் போதும். அமைச்சர் வீ. தி. சம்பந்தன் அவர்கள் இதைக் கண்டு, 1960இலே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தொழிலாளியிடம் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்குவது திட்டம். சில தோட்டங்களை வாங்கவும் செய்தார்கள். நல்ல முயற்சி. ஆனால் வெள்ளத்துக்கு முன்னே சிறு அணை. பிறகு இறப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். இங்கே நம் தாய்மார் விடியற்காலையில் பால் வெட்டுகிற வேலையை நினைத்துப் பாருங்கள். இறப்பருக்கு நாள்தோறும் கை வேண்டும். செம்பனைக் குலையையோ பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை அறுத்தால் போதும். அந்த வேலைக்கும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் குறைந்த கூலிக்கு ஆள் வந்தது. (நம் நாட்டிலே செம்பனையை 2021இல் தடை செய்தார்கள். அது தண்ணீருக்காகவும் மண்ணுக்காகவும் செய்தது; தொழிலாளியை நினைத்துச் செய்ததென்று நான் நம்பவில்லை.)

அதற்கும் பிறகு நிலத்தின் விலை ஏறியது. மரத்தைவிட மண் பெறுமதி என்றாயிற்று. மலேசியாவின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவின் அழகான படங்களை வாலிபர்கள் பார்த்திருப்பீர்கள். ஏரியும் பாலமும் ரோஜா நிற மசூதியும் உள்ள அந்நகரம், 1995 முதல், பிராங் பெசார், கேலவே, மடிங்லி, செட்ஜ்லி என்ற நான்கு தோட்டங்களின் மேல் கட்டப்பட்டது. அங்கே பால் வெட்டிய குடும்பங்களை டெங்கில் என்ற இடத்திலே அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றினார்கள். இன்னும் எத்தனையோ தோட்டத்தவர்க்கு அதுவும் இல்லை; கிள்ளானிலும் கோலாலம்பூர் ஓரங்களிலும் புறம்போக்கிலே பலகை வீடு கட்டிக்கொண்டார்கள்.

வேலை போனால் நட்டஈடு உண்டு. சட்டம் 1980இலேயே உண்டு. ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவனுக்கு, வருஷத்துக்கு 20 நாட் சம்பளம். இருபது வருஷம் வெட்டியவனுக்கு 400 நாட் கூலி. அதுவும் தோட்டக் கூலி. அதை வாங்கிக்கொண்டு லயத்தை விட வேண்டும், ஏனென்றால் லயம் கம்பனியுடையது. லயத்தோடு பிள்ளை மடுவமும், பள்ளிக்கூடமும், கோயிலும், பந்து விளையாடுகிற மைதானமும் போய்விடும். ஓர் எளிய கணக்கு: சுதந்திரத்தின்போது அந்நாட்டில் 800க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் இருந்தன, இப்போது 500 சொச்சம்.

எனக்கு மிஷன் பள்ளிக்கூடத்திலே படித்த தோஷம் ஒன்று உண்டு. எதற்கும் ஓர் உவமை தேடுவேன். கெட்ட குமாரன் கதையை அங்கே வருஷா வருஷம் சொல்லுவார்கள். சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய், ஆடி அழித்து, பன்றிக்கு வைத்த தவிட்டுக்கு ஏங்கின பிள்ளை, கடைசியில் புத்தி தெளிந்து தகப்பன் வீட்டுக்குத் திரும்பினான் என்பது கதை. சிறு வயதிலே பிள்ளையின் மனமாற்றத்தைத்தான் கவனித்தேன். இப்போது வேறொன்று தோன்றுகிறது. அவன் திரும்பி வந்தபோது வீடு நின்ற இடத்திலேயே நின்றது; தகப்பன் வாசலில் இருந்தான். கிள்ளான் பையன் திரும்ப நினைத்தால் எங்கே திரும்புவான்? லயம் நின்ற இடத்தில் புல்டோசர் நிற்கிறது. தகப்பன் பகலில் காவற்காரன் வேலை, இரவில் இன்னொரு காவற்காரன் வேலை.

அந்த அடுக்குமாடிகளிலேதான் எண் வந்து சேர்ந்தது. முதலிலே தமிழ்ப் பையன்கள் சீன முதலாளிகளின் கைக்காரர்கள்தாம். சூதாட்ட இடத்துக்குக் காவல், கடன் வசூலிக்க மிரட்டல், இப்படியான வேலை. இறப்பர் வெட்டியவன் மகனுக்கு அங்கேயும் கூலி வேலைதான் என்று சொல்லத் தோன்றுகிறது. 1990களிலே அவர்கள் தங்கள் சொந்தக் கூட்டங்களாகப் பிரிந்து, எண்ணை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பிறகு எண்ணுக்கும் எண்ணுக்கும் சண்டை. கொன்றவனும் தமிழன், இறந்தவனும் தமிழன், சாவு வீட்டிலே ஒப்பாரி வைத்தவளும் ஒருவேளை ஒரே தோட்டத்துக்காரி.

இது எவ்விதம் ஒரு பிள்ளையைப் பிடிக்கிறது என்பதை, சஞ்ஜெய் குமார் பெருமாள் என்ற மலேசியத் தமிழர் 2015இல் எடுத்த ‘ஜகாட்’ என்னும் படம் காட்டுகிறது. 2016இல் அந்நாட்டின் திரைப்பட விழாவிலே சிறந்த மலேசியப் படம் என்ற பரிசு பெற்றது அது. கெட்டவன் என்று பொருள்படும் மலாய்ச் சொல்லைத் தோட்டத்துத் தமிழர் உச்சரிக்கிற விதந்தான் ‘ஜகாட்’. தோட்டம் இழந்து வந்த ஒரு குடும்பத்தில் அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். துடிப்புள்ள பிள்ளை, பள்ளிக்கூடத்தில் அதற்கு இடமில்லை. தகப்பன், மகன் படித்து மேலே வரவேண்டும் என்று அடிக்கிறான்; வேறு வழி அவனுக்குத் தெரியாது. சித்தப்பன் ஒருவன் கூட்டத்தில் இருக்கிறான். அவன் அடிப்பதில்லை, சிரிக்கிறான், காசு கொடுக்கிறான். ‘கபாலி’யை நூறு முறை பார்த்தவர்கள் இந்தப் படத்தை ஒரு முறை பார்க்க வேண்டும். கோட்டும் சூட்டும் அதில் இல்லை.

இன்னொரு விஷயம் இக்கோயில் மண்டபத்துக்கு நேரே சம்பந்தப்பட்டது. அங்கே கூட்டங்கள் தங்கள் எண்ணைப் பொதுவில் காட்டிய இடங்கள் எவை தெரியுமா? சாவு ஊர்வலமும் தைப்பூசமும். மலர்வளையத்திலே எண், கொடியிலே எண், காவடிக்குப் பின்னால் ஆடுகிறவர்களின் பனியனிலே எண். பொலிசார் எச்சரிக்கை விடுக்கும் அளவுக்கு இது போனது. முருகனுக்கு முன்னே நின்று தன்னை இன்னான் மகன் என்று சொல்ல வேண்டிய பிள்ளை, நான் முப்பத்தாறு என்று சொன்னான்.

2013 ஆகஸ்டிலே, நாட்டில் துப்பாக்கிச் சூடுகள் மலிந்தபோது, மலேசிய உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கூட்டங்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றில் 40,313 பேர் இருப்பதாகச் சொன்னது. அவர்களுள் 28,926 பேர் இந்தியர், 8,214 பேர் சீனர், 1,923 பேர் மலாயர், மீதிப்பேர் சபா, சரவாக் மாநிலத்தவர் என்றும் கணக்குக் காட்டியது. நாட்டின் ஜனத்தொகையில் நூற்றுக்கு ஏழுபேராக உள்ள சமூகம், குண்டர் பட்டியலில் நூற்றுக்கு எழுபத்தொருவர்! இக்கணக்கை அங்குள்ள தமிழர் பலர் ஆட்சேபித்தார்கள். எனக்கும் அதில் ஐயம் உண்டு. தெருவில் நிற்கிற பையனை எண்ணுவது எளிது. போதைச் சரக்கையும் சூதாட்டத்தையும் நடத்தி மாடமாளிகையில் இருப்பவனை எண்ணுவது எளிதல்ல. ஆயினும் பாதியைக் கழித்தாலும் மீதி நம்மைத் தூங்க விடாது.

அரசாங்கம் செய்த வைத்தியம் பெரும்பாலும் பூட்டு. 1969ஆம் ஆண்டின் அவசரகாலக் கட்டளைப்படி, விசாரணையின்றி இரண்டு வருஷம் சிறை வைக்கலாம், பிறகு நீட்டலாம். 2011இல் அதை நீக்கினார்கள். 2013இல் குற்றத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி அதே விதமான அதிகாரத்தை மீண்டும் கொண்டுவந்தார்கள். பொலிஸ் காவலிலே இறந்த தமிழ் இளைஞர்களின் கதைகளும் உண்டு. 2009இல் சுபாங் ஜெயாவில் அப்படி இறந்த ஒருவனுக்காக, 2013இல் உயர் நீதிமன்றம் பொலிசையே பொறுப்பாளியாக்கி நட்டஈடு விதித்தது. பூட்டு எவ்வளவு தூரம் உதவும் என்பதற்குச் சிக்காகோவிலேயே சாட்சியுண்டு. வைஸ் லோர்ட்ஸ் என்ற பெருங்கூட்டம் அந்நகரத்தின் சேரியில் பிறந்ததல்ல. 1950களின் இறுதியில், பையன்களைத் திருத்துவதற்கென்றே அரசாங்கம் நடத்திய செயின்ட் சார்ள்ஸ் சீர்திருத்தப் பள்ளிக்குள்ளே பிறந்தது! அதே கூட்டத்தார் 1967இல் தங்களைச் சட்டப்படி ஸ்தாபனமாகப் பதிந்து, பெரிய தர்ம நிதிகளிடம் பணம் பெற்று, கடையும் வாலிபர் மண்டபமும் நடத்தினார்கள். 1969இல் நகர மேயர் கூட்டங்களின் மேல் யுத்தம் என்று அறிவித்தார். பணம் நின்றது, கடையும் மூடியது, கூட்டம் பழைய தொழிலுக்குப் போயிற்று.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, ‘தோட்டத்தான் புத்தி’ என்று சொல்லுகிறவர்கள் நம் நாட்டிலே உண்டு. நம்மவரிலும் உண்டு. அவர்களுக்கு நான் கனடாவைக் காட்டுவேன். 1983க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து டொரோண்டோ நகரத்துக்குப் போனவர்கள் தோட்டத்தார் அல்லர். கல்வியிலே பேர்போன சமூகம். 1990களிலே அவர்களுடைய பிள்ளைகளும் ஸ்காபரோ வீதிகளில் இரண்டு கூட்டமாகப் பிரிந்தார்கள். வல்வெட்டித்துறையின் முதலெழுத்துக்களை வைத்து வீ.வீ.ரீ. என்று ஒன்று, ஏ.கே. கண்ணன் என்று இன்னொன்று. கடையிலே, வீதியிலே, கார் நிறுத்துமிடத்திலே சுட்டுக்கொண்டார்கள். கூட்டத்துக்குச் சம்பந்தமில்லாத மாணவரும் ஆள் மாறாட்டத்தில் இறந்தார்கள். 2001 ஒக்டோபரிலே பொலிசார் ஒரே வீச்சில் 51 பேரைப் பிடித்தார்கள். சிலரை நாடு கடத்தவும் முயன்றார்கள். அங்கேயும் அதே சந்துதான்: தாய் இரவு வேலை, தகப்பன் இரண்டு வேலை, ஊர் கடலுக்கு அப்பால். ஆகவே இது இரத்தத்தின் குணம் அல்ல. அங்கே கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. 1990களின் முடிவில் தமிழ் மாணவர்களே முன்வந்து கனடியத் தமிழ் இளைஞர் அபிவிருத்தி நிலையம் என்ற ஒன்றை ஆரம்பித்தார்கள். படிப்புச் சொல்லிக்கொடுப்பதும், விளையாட்டுப் போட்டி வைப்பதும், வழக்கில் அகப்பட்ட பையனோடு நீதிமன்றத்துக்குக் கூடப்போவதுமான இத்தகைய வேலையைப் பெரியவர்களுக்காகக் காத்திராமல் இருபது வயதுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இதுவரை புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன்; இனிச் சொல்வது எனக்குச் சற்றுக் கஷ்டம்.

என் பெரியம்மா மகன் ஒருவனை இங்கே அநேகருக்குத் தெரியும். பெயர் வேண்டாம். நானும் அவனும் ஒரே லயத்தில் ஒரே திண்ணையில் வளர்ந்தோம். எனக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். இறப்பர் வேலை மாதத்திலே பாதி நாள்கூட இல்லாமற் போனதும், பதினாறு வயதில் கொழும்புக்கு, புறக்கோட்டையில் ஒரு கடைக்குப் போனான். ஆறுபேர் ஓர் அறையில். மூன்று மாதச் சம்பளத்தை முதலாளி பிடித்து வைத்துக்கொண்டார். அதை வாங்கிக் கொடுத்தவர்கள் பொலிசாரும் அல்லர், தொழிற்சங்கத்தாரும் அல்லர், நம் சங்கத்தாரும் அல்லர். அந்தத் தெருவிலே நின்ற நாலு பையன்கள். அன்றிலிருந்து அவன் அவர்களுடைய ஆள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னே நம் கோயில் திருவிழா இரவில், மேல் டிவிசன் பையன்களுக்கும் கீழ் டிவிசன் பையன்களுக்கும் தேருக்கு முன்னால் ஆடுவதிலே வாய்த்தர்க்கம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். முன்பெல்லாம் அது தள்ளுமுள்ளோடு முடியும். அன்று என் சகோதரன் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். கீழ் டிவிசன் தம்பி ஒருவனுடைய முன்கையில் ஏழு தையல். கோயில் வாசலிலே இரத்தம் விழுந்தது. தேர் பாதி வழியில் நின்றது.

மறு வாரம் சங்கத்தின் செயற்குழு கூடியது. நான் அப்போது உதவிச் செயலாளன். அங்கத்தவர் இடாப்பிலிருந்து அவன் பெயரை நீக்குவதென்று தீர்மானம் ஆயிற்று. ஒருவரும் எதிர்க்கவில்லை, நானும் எதிர்க்கவில்லை. சிவப்பு மையினால் பெயரை அடித்தவன் நான். காரணம் என்ற பகுதியிலே ‘காடையர் சகவாசம்’ என்று எழுதியவனும் நான். காடையர் என்ற சொல்லை இங்கே உள்ள தாத்தாமாரும் பாட்டிமாரும் எப்போது முதலில் கேட்டார்கள்? 1977இல், 1981இல், 1983இல் சப்பிரகமுவாத் தோட்டங்களிலே லயத்துக்குத் தீ வைக்க வந்தவர்களைக் குறித்துக் கேட்டார்கள். அந்தச் சொல்லையே எங்கள் திண்ணையில் வளர்ந்த பிள்ளைக்கு எழுதினேன்.

அவன் செய்தது தவறு. தம்பியின் கை இன்றும் முழுதாக மடங்காது. அந்தக் கையால் பால்வெட்டுக் கத்தியைப் பிடிக்க முடியாது. இதைச் சிறிதாக்க நான் வரவில்லை. ஆனால் நாங்கள் பெயரை அடித்த பிறகு என்ன நடந்தது? இரண்டு வருஷத்தில் அவன் ஊருக்கு வந்தது மூன்று தடவை. மூன்று தடவையும் கீழ் ரோட்டிலே பஸ் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு தாயைக் கீழே வரச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனான். கோயிலுக்கு வரவில்லை, லயத்துக்கு ஏறவில்லை. கொழும்பிலே அவனைத் தேடுகிறவர்கள் அதே நாலுபேர்தான். சென்ற மாதம் அவனைப் பார்க்கப் போனேன். பேச்சுக்கு நடுவிலே, “இடாப்பில என் பேரு இன்னும் அடிச்சபடியா இருக்கு?” என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

நாளைக் காலையிலே நமது வருடாந்தப் பொதுக்கூட்டம். நிகழ்ச்சி நிரலின் கடைசியில் ‘வேறு விஷயங்கள்’ என்று ஒரு வரி இருக்கிறது. அவனுடைய பெயரை மறுபடியும் இடாப்பிலே சேர்க்க வேண்டும் என்று பிரேரிக்க எண்ணியிருக்கிறேன். சேர்த்தால் சந்தாப் பாக்கியை நான் கட்டுகிறேன். வெட்டுப்பட்ட தம்பியிடம் அவன் நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், வருவதாகச் சொல்லியிருக்கிறான். அத்தோடு, கொழும்பில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் எத்தனை பேர், எந்தக் கடையில், எந்த அறையில் என்று சங்கத்திடம் ஒரு கணக்கும் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவர் போய்ப் பார்த்து வர வேண்டும் என்பதையும் அதே பிரேரணையில் சேர்த்திருக்கிறேன். முதல் இரண்டு மாதத்துக்கு நான் போகிறேன்.

முந்தாநாள் கீழ் டிவிசனுக்குப் போய், அந்தத் தம்பியின் தகப்பனாரிடம் இதைச் சொன்னேன். மாமா இதோ மூன்றாம் வரிசையிலே இருக்கிறார். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வெகுநேரம் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றார். குடித்துவிட்டு வந்தேன். அவருடைய சம்மதம் இல்லாமல் நாளை நான் எழுந்திருக்க மாட்டேன் என்பதை இச்சபையிலே அவருக்குச் சொல்லிக்கொள்கிறேன்.